தீ அணைந்தும் நிற்கும் புகை: வடசென்னைக்காரர்களுக்கு ஒரு எளிய விளக்கம்

இரவு இரண்டு மணி இருக்கும். ஆயா இருமுகிற சத்தத்தில்தான் விழித்தேன். விளக்கைப் போட்டால் டியூப்லைட்டைச் சுற்றி வெள்ளையாக ஒரு வட்டம். மூக்கில் பிளாஸ்டிக் கருகும் வாடை. கொடுங்கையூரில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாடையை யாரும் விளக்க வேண்டாம். குப்பைமேட்டில் ஏதோ ஒரு மூலை பற்றிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆயாவுக்கு இருபது வருஷமாக வீசிங். பதற்றத்தில் எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்தோம். காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தோம். ஃபேனை ஐந்தில் வைத்தோம். வாடை போக ஊதுவத்தி ஏற்றினோம். ஈரத்துண்டை ஆயாவின் மூக்கைச் சுற்றிக் கட்டினோம். விடியும்போது ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச ஆயாவுக்கு மூச்சு போதவில்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, நெபுலைசர் வைத்த பிறகுதான் முகம் தெளிந்தது.

அன்று செய்த நாலு காரியத்தில் ஒன்றுகூட உதவவில்லை. முதல் மூன்றும் நிலைமையை மோசமாக்கின. இதெல்லாம் அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டது. படித்ததில் பெரும்பகுதி காட்டுத்தீப் புகையைப் பற்றியது. புகையோடு எப்படி வாழ்வது என்று உலகத்தில் அதிகம் யோசித்தவர்கள் காட்டுத்தீ மூளும் ஊர்க்காரர்கள்தான். எரிவது பைன் மரமா தெர்மோகோலா என்பதில் வித்தியாசம் உண்டு. ஆனால் நுரையீரலுக்குள் போகிற வழி ஒன்றுதான். அவர்கள் கற்றுக்கொண்டதில் நமக்குப் பொருந்துவதை இங்கே எழுதுகிறேன்.

புகை எப்படி உண்டாகிறது

விறகு முழுசாக எரிந்தால் மிஞ்சுவது கரியமில வாயு, நீராவி, கொஞ்சம் சாம்பல். அப்படி எரிய நல்ல சூடும் தாராளமான காற்றும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும், பாதி எரிந்த மிச்சம் பொடியாகவும் வாயுவாகவும் மேலே கிளம்பும். அதுதான் புகை. காய்ந்த சுள்ளியை வைத்தால் அடுப்பு சிணுங்காது, ஈர விறகைத் திணித்தால் ஊதுகுழலைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட வேண்டும். விறகடுப்பில் சமைத்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது.

நாம் பயப்படுவது கொழுந்துவிட்டு எரியும் தீயைப் பார்த்து. ஆனால் ஜுவாலை இல்லாமல் உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் தீதான், எரிகிற ஒவ்வொரு கிலோவுக்கும் அதிகப் புகையைக் கக்குகிறது. காட்டில் பெரிய தீ ஓடி முடிந்த பிறகு மட்கிய இலைப்படுகையும் விழுந்த மரங்களும் நாள்கணக்கில் புகைவது இப்படித்தான்.

குப்பைமேட்டில் இது இன்னும் சிக்கல். கொடுங்கையூர்க் கிடங்கு சுமார் 350 ஏக்கர். பல பத்தாண்டுகளாகக் கொட்டிய குப்பை அடுக்கடுக்காக அழுந்திக் கிடக்கிறது. காற்றுப் போகாத அடியில் ஈரக்குப்பை அழுகும்போது மீத்தேன் உண்டாகும். அது எரியும் வாயு. மேலே பற்றிய தீ ஓட்டை உடைசல் வழியாக உள்ளே இறங்கிவிட்டால், வெளியிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீர் பெரும்பாலும் பிளாஸ்டிக் மேலேயே வழிந்து ஓடிவிடுகிறது. ஜேசிபி வைத்துக் கிளறி, நனைத்து, மேலே மண்ணைப் போட்டு மூடினால்தான் அடங்கும். அதனால்தான் நாள் பிடிக்கிறது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ அடங்கச் சில நாட்கள் ஆயிற்று. 2023 மார்ச் 2ஆம் தேதி கொச்சியில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் மூண்ட தீ, பத்து நாளுக்கு மேல் அந்த நகரத்தையே புகையில் வைத்திருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வெளியே வந்தால் மாஸ்க் போடச் சொன்னார்கள்.

கண்ணுக்குத் தெரியாத பொடி

புகையில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கின்றன. உடம்புக்கு அதிகக் கேடு செய்வது அதிலுள்ள நுண்துகள். செய்தியில் பி.எம். 2.5 என்று சொல்கிறார்களே, அதுதான். 2.5 மைக்ரோமீட்டரோ அதற்குக் குறைவோ குறுக்களவு உள்ள துகள். ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரோமீட்டர். அப்படியானால் முடியின் குறுக்கே இந்தத் துகள்களை இருபதுக்கு மேல் வரிசையாக நிறுத்தலாம். புகைத் துகள்களில் பெரும்பாலானவை இதைவிடவும் பொடி.

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி கிளப்பும் மண் தூசு பெரிது. மூக்கு முடியிலும் தொண்டைச் சளியிலும் ஒட்டிக்கொள்ளும், தும்மினால் வரும், காறினால் கறுப்பாக வரும். நுண்துகள் அப்படி மாட்டாது. மூச்சுக்குழாயின் கடைசிக் கிளையைத் தாண்டி, ரத்தத்துக்கு ஆக்சிஜனைக் கைமாற்றும் காற்று நுண்ணறை வரை இறங்கிவிடும். அங்கே உடம்பு அதை எதிரியாக எண்ணிச் சண்டை போடுகிறது. வீக்கம், சளி, குழாய்ச் சுருக்கம் எல்லாம் அந்தச் சண்டையின் விளைவு. அது நுரையீரலோடு நிற்பதும் இல்லை. ரத்தம் எளிதில் உறையும், நாளங்கள் இறுகும். புகை நாட்களில் ஆஸ்துமாவோடு மாரடைப்பும் கூடுவதற்குக் காரணம் இதுதான். எனக்கு இது புது செய்தியாக இருந்தது. புகை என்றால் இருமல் என்றுதான் நினைத்திருந்தேன், இதயம் நினைவுக்கே வரவில்லை.

வாயுக்களும் உண்டு. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தீக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு, அதாவது தீயணைப்பு வீரருக்கும் கிடங்குத் தொழிலாளிக்கும், அது உடனடி ஆபத்து. தூரம் போகப் போக அது கலைந்து நீர்த்துவிடும், நுண்துகள் நீண்ட தூரம் பயணம் போகும். மரம் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு, பென்சீன் போன்றவை வரும். பி.வி.சி. குழாயும் ஒயரும் எரிந்தால் அவற்றோடு ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சின் என்ற நஞ்சும் சேரும். தொண்டையில் அமிலம் பட்ட மாதிரி காந்துவது அந்த ஹைட்ரஜன் குளோரைடு போன்ற வாயுக்களால்தான்.

எல்லோருக்கும் ஒரே அளவு பாதிப்பு இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பவர் நிமிஷத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்று இழுக்கிறார். மூட்டை தூக்குபவர் நாற்பது லிட்டருக்கு மேல் இழுப்பார், அதுவும் வாய் வழியாக. ஒரே தெருவில் ஒரே புகையில் இருந்தாலும் மீன்பாடி வண்டி மிதிப்பவரின் நுரையீரலுக்குப் போவது பல மடங்கு. குழந்தைகள் உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அவர்கள் நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. கர்ப்பிணிகள் நீண்ட நாள் புகையில் இருந்தால் எடை குறைந்த குழந்தை, குறைமாதப் பிரசவம் ஆகியவற்றுக்கான அபாயம் கூடுகிறது. வயதானவர்கள், சர்க்கரை, இதய நோய், வீசிங் உள்ளவர்கள் பட்டியலில் எப்போதும் உண்டு. அவர்களோடு வெயிலில் வேலை செய்பவர்களையும் நான் சேர்க்கிறேன். மருத்துவத் துண்டறிக்கைகளில் அவர்கள் கடைசி வரியில்தான் வருகிறார்கள். வடசென்னையில் முதல் வரியில் வரவேண்டியவர்கள் அவர்கள்.

எண்ணை எப்படிப் படிப்பது

மணலி, கொடுங்கையூர், ராயபுரம் ஆகிய இடங்களில் காற்றுத் தரத்தை அளக்கும் தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. அவை காட்டும் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் இலவசமாகப் பார்க்கலாம். செயலி காட்டும் குறியீட்டு எண் 0 முதல் 500 வரை போகும். 100 வரை கவலையில்லை, அதற்கு மேல் 200 வரை ‘மிதம்’, 200க்கு மேல் ‘மோசம்’, 300க்கு மேல் ‘மிக மோசம்’, 400க்கு மேல் ‘கடுமை’.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அந்தக் குறியீடு 24 மணி நேரச் சராசரியிலிருந்து வருவது. புகை அப்படி நாள் முழுக்கச் சீராக வருவதில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்னிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒரு கனமீட்டர் காற்றில் 250 மைக்ரோகிராம் நுண்துகள். மீதி இருபது மணி நேரம் 30 மைக்ரோகிராம். சராசரி எடுத்தால் சுமார் 67 வரும். நம் நாட்டின் ஒரு நாள் வரம்பு 60. எனவே அட்டவணை இந்த நாளை ‘மிதம்’ என்றே சொல்லும். ஆனால் ஆயாவுக்கு வீசிங் வந்தது அந்த நாலு மணி நேரத்தில். அதனால் புகை நாளில் மணிவாரியாக வரும் நுண்துகள் அளவைத்தான் பார்க்க வேண்டும், நாள் சராசரியை அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒரு நாளுக்குப் பரிந்துரைத்த அளவு 15தான் என்பதையும் நினைவில் வையுங்கள். 60 என்பது பாதுகாப்புக் கோடு இல்லை, சட்டக் கோடு.

செயலி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், பழகிய மலையோ கோபுரமோ தெரிகிறதா என்று பார்த்தே புகையை மதிப்பிடச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெளிந்த நாளில் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள் தெரியும். அவை மங்கினால் பிள்ளைகளை விளையாட அனுப்புவதில்லை. பக்கத்துத் தெருவின் தண்ணீர்த் தொட்டியே மங்கினால் ஜன்னலைச் சாத்திவிடுவோம். விடியற்காலைப் பனியிலும் மழையிலும் இந்த முறை ஏமாற்றும், இரவில் உதவாது. இரவில் மூக்குதான் துணை.

காற்று எந்தப் பக்கம்

புகை எங்கே போகும், எவ்வளவு நேரம் தங்கும் என்பது தீயின் கையில் பாதி, காற்றின் கையில் மீதி. பகலில் தரை சூடாகும். சூடான காற்று மேலே போகும்போது புகையையும் தூக்கிக்கொண்டு போய்க் கலைத்துவிடும். இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துவிடும். அதற்கு மேலே இளஞ்சூடான காற்று பானை மூடி மாதிரி உட்கார்ந்துகொள்ளும். புகை மூடிக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். மார்கழி, தை மாதங்களில் இந்த மூடி விடிந்தபிறகும் சில மணி நேரம் விலகாது. போகி விடிகாலையில் கொளுத்துகிற டயரும் பாயும் ஊரையே மூடுவது ஏன் என்று இப்போது புரியும். வருஷத்திலேயே மூடி இறுக்கமாக இருக்கிற நேரத்தில் கொளுத்துகிறோம். 2018 போகி அன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை சரியாகத் தெரியாமல் விமானங்களே தடுமாறின.

கடலோர ஊரான நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோடையில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பி உள்ளே வரும். அப்போது கிடங்குப் புகை மாதவரம் பக்கம் சாயும். இரவில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்துக் காற்று திரும்பும்போது கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் போகும். காற்று செத்துக்கிடக்கும் நேரத்தில் கிடங்கை ஒட்டிய தெருக்களிலேயே தங்கும். ஒரே தீ, மூன்று ஊருக்கு மூன்று வேளையில் கஷ்டம். கொடியில் காயும் துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்தாலே அடுத்த ஓரிரு மணி நேரம் யாருக்கு என்று சொல்லிவிடலாம்.

புகைக்கென்று ஒரு ஆள்

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் ஊரில் தீ என்றால் 101க்கு அடிக்கிறோம், வண்டி வருகிறது, வீரர்கள் உயிரைக் கொடுத்து அணைக்கிறார்கள். புகைக்கு யாரைக் கூப்பிடுவது? தீ அணைந்தால் புகையும் போய்விடும் என்று அதைத் தீயின் வாலாகவே நினைத்துவிட்டோம். காட்டுத்தீ நாடுகள் பெரிய விலை கொடுத்துத்தான் இதை மாற்றிக்கொண்டன.

ஆஸ்திரேலியாவில் 2019-20 கோடையில் மூண்ட தீயில் நேரடியாக இறந்தவர்கள் 33 பேர். அந்தத் தீயின் புகையால் நேர்ந்த மரணங்கள் சுமார் 417 என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இதயம், நுரையீரல் கோளாறுகளுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 3,000க்கு மேல். தீயைப் பார்த்தவர்களைவிடப் பார்க்காதவர்கள் பத்து மடங்குக்கு மேல் இறந்தார்கள். 2023 ஜூனில் கனடாவின் காடுகள் எரிந்தபோது நியூயார்க் நகரத்து வானம் ஆரஞ்சு நிறமானதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த நகரத்தில் எந்தத் தீயும் இல்லை. சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இந்தோனேசியாவின் கரிமண் நிலங்களும் காடுகளும் எரியும்போதெல்லாம் அங்கே ‘புகைமூட்டம்’ வரும். 2013 ஜூன் 21 அன்று அங்கே மாசுக் குறியீடு 401ஐத் தொட்டது.

இவற்றிலிருந்து அவர்கள் எடுத்த முடிவு, புகையைத் தனி ஆபத்தாக நடத்த வேண்டும் என்பது. அமெரிக்காவில் பெரிய காட்டுத்தீ என்றால் அணைக்கும் குழுவோடு காற்றுத் தர ஆலோசகர் ஒருவரும் போகிறார். தீயை அணைப்பது அவர் வேலை இல்லை. கையடக்க அளவுக் கருவிகளை ஊர் ஊராக வைப்பார். வானிலையையும் தீ ஓடும் திசையையும் சேர்த்துப் பார்த்து, நாளைக்குக் காலையில் எந்த ஊரில் புகை இருக்கும், எப்போது விலகும் என்று ஒரு பக்க அறிக்கை எழுதுவார். பள்ளிக்கூடம் அதைப் பார்த்து விளையாட்டு வகுப்பை மதியத்துக்கு மாற்றும், முதியோர் இல்லம் ஜன்னலைச் சாத்தும்.

ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம். கொடுங்கையூரில் தீ பிடித்த அன்று இரவு எட்டு மணிக்கு, “இன்று பின்னிரவு கொருக்குப்பேட்டைப் பக்கம் புகை அடர்த்தியாக இருக்கும், காலை ஒன்பதுக்கு மேல் குறையும்” என்று ஒரு குறுஞ்செய்தி வந்தால் எங்கள் வீட்டில் ஆயாவின் படுக்கையை மாற்றியிருப்போம். அளக்கும் நிலையம் இருக்கிறது, வானிலைத் துறை இருக்கிறது, புயலுக்கு எச்சரிக்கை அனுப்பிப் பழகிய ஊர் இது. சேர்த்து எழுத ஒரு ஆள்தான் வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்

வீடு முழுவதையும் காப்பாற்ற நினைக்க வேண்டாம், ஒரு அறையைக் காப்பாற்றினால் போதும். ஜன்னல் குறைவாக உள்ள, அடுப்பு இல்லாத அறையைத் தேர்ந்தெடுங்கள். கதவிடுக்கில் துணியைச் சுருட்டி வையுங்கள். ஜன்னல் சந்துகளில் அகல டேப் ஒட்டுங்கள். வீசிங் உள்ளவரும் குழந்தையும் அங்கேதான் தூங்க வேண்டும். ஸ்ப்ளிட் ஏசி பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றும், எனவே போடலாம். ஜன்னல் ஏசியில் வெளிக்காற்றை இழுக்கும் திறப்பு இருந்தால் அதை மூடிவிடுங்கள். ஃபேன் ஓடலாம், ஜன்னல் சாத்தியிருக்கிற வரை. ஃபேன் துகளை வடிகட்டாது, வியர்வையை மட்டும் ஆற்றும்.

காற்றுச் சுத்திகரிப்பான் வாங்க முடிந்தவர்கள் ஒரு கணக்கைப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை, உயரமும் பத்தடி என்றால் சுமார் 28 கனமீட்டர் காற்று. பெட்டியின் மேல் ‘சி.ஏ.டி.ஆர்.’ என்று ஒரு எண் போட்டிருக்கும். ஒரு மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்றைச் சுத்தம் செய்து தரும் என்பது அது. 170 என்று இருந்தால் அந்த அறையின் காற்றை மணிக்கு ஆறு முறை வடிகட்டும், தாராளமாகப் போதும். நுண்துகளைப் பிடிக்கும் ‘ஹெப்பா’ வடிகட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். ஓசோன் வெளிவிடும் கருவி என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், ஓசோனே நுரையீரலைப் புண்ணாக்கும்.

உள்ளே நாமே புகை போடாமல் இருப்பது இதைவிட முக்கியம். ஒரு கொசுவத்திச் சுருள் முழுசாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஒரு ஆய்வு அளந்து சொல்லியிருக்கிறது. ஜன்னலைச் சாத்திவிட்டு அதை ஏற்றினால் வெளியே இருப்பதே மேல் என்றாகிவிடும். புகை நாளில் கொசுவலை கட்டுங்கள். ஊதுவத்தி, சாம்பிராணி, வறுவல், தாளிப்பு எல்லாம் ஒரு நாள் பொறுக்கட்டும்.

மாஸ்க் விஷயத்தில் கொரோனா காலம் நமக்குப் பாதி பாடம்தான் சொல்லித்தந்தது. துணி மாஸ்க்கும் நீல சர்ஜிக்கல் மாஸ்க்கும் எச்சிலைத் தடுக்கும், புகைத் துகளை அதிகம் தடுக்காது, ஓரங்களில் காற்று புகுந்துவிடும். என்95 அல்லது எஃப்.எஃப்.பி.2 வேண்டும், தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை உள்ளது நல்லது. போட்டுக்கொண்டு பலமாக ஊதினால் ஓரத்தில் காற்று வெளியேறக் கூடாது. தாடி இருந்தால் ஒட்டாது. ஈரத்துணியும் கைக்குட்டையும் கண் எரிச்சலுக்கு ஆறுதலாக இருக்கும், துகளுக்கு அவை பெரிய ஓட்டை உள்ள வலை மாதிரி, புகுந்து வந்துவிடும். எந்த மாஸ்க்கும் கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது, அதை நம்பித் தீக்குப் பக்கத்தில் போகக் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு மாஸ்க் வேண்டாம், அறைதான் பாதுகாப்பு.

புகையில் வேலை செய்தவர்கள் பாலும் வெல்லமும் சாப்பிடுவது இங்கே பழைய வழக்கம். தொண்டைக்கு இதமாக இருக்கும், தெம்பாகவும் இருக்கும், சாப்பிடுங்கள். ஆனால் நுரையீரல் ஆழத்துக்குப் போன துகளை அது இழுத்து வெளியே கொண்டுவராது. ஆவி பிடிப்பதும் அப்படித்தான். மருந்து போட்டு வைக்கும் நெபுலைசர் வேறு, வெந்நீர் ஆவி வேறு.

வீசிங் உள்ளவர் வீட்டில் இன்ஹேலர் தீரும் வரை காத்திருக்காதீர்கள். கோடை தொடங்கும்போதே ஒன்று கூடுதலாக இருக்கட்டும், போகிக்கு முன்னால் இன்னொரு முறை பாருங்கள். டாக்டரிடம் இப்போதே கேட்டுவையுங்கள்: புகை வந்தால் எத்தனை பஃப், எப்போது ஆஸ்பத்திரி? பேசும்போது மூச்சு வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு அழுத்தினால், விடியட்டும் என்று பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். நாங்கள் விடியட்டும் என்று பார்த்தோம். அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

இவ்வளவும் கதவு, ஜன்னல், கூரை உள்ள வீட்டுக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி உள்ள வீட்டில் எதை அடைப்பது? மே மாதத்தில் அடைத்தாலும் உள்ளே வெந்துபோவார்கள். வெப்பத் தாக்கமும் (ஹீட் ஸ்ட்ரோக்) உயிரை எடுக்கும். சூடு தாங்கவில்லை என்றால் ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும், இதில் பிடிவாதம் கூடாது. கலிபோர்னியாவிலும் வேறு சில இடங்களிலும் இதற்காக நூலகம், சமுதாயக்கூடம் போன்ற பொது இடங்களில் வடிகட்டி வைத்து, புகை நாளில் யாரும் வந்து உட்காரலாம் என்று திறந்துவிடுகிறார்கள். வார்டுக்கு ஒரு பள்ளிக்கூட அறை, இரண்டு சுத்திகரிப்பான், ஒரு சாவி. புயலுக்கு மக்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கத் தெரிந்த நமக்கு இது கஷ்டமே இல்லை.

புகை வருவதற்கு முன்னால்

காட்டில் தீயை முழுசாக ஒழிக்க முடியாது என்று இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சருகு சேரச் சேர அடுத்த தீ பெரிதாகும். அதனால் நல்ல காற்றோட்டம் உள்ள, ஈரப்பதம் சரியாக இருக்கிற நாளாகப் பார்த்து, சின்னச் சின்னதாக அவர்களே திட்டமிட்டு எரிக்கிறார்கள். கொஞ்சம் புகையை நாள் பார்த்து ஏற்றுக்கொண்டு, பெரும்புகையைத் தவிர்க்கும் ஏற்பாடு. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் கோடைக்கு முன்பே வனத்துறை தீத்தடுப்புக் கோடுகள் வெட்டுகிறது. செயற்கைக்கோள் தீயைக் கண்டதும் இந்திய வன அளவை நிறுவனத்திலிருந்து எச்சரிக்கை வருகிறது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20க்கும் மேற்பட்டோர் கருகியதை நாம் மறக்கவில்லை. அவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள்.

குப்பைமேட்டில் திட்டமிட்டு எரிப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை, அதிலிருந்து வருவது நஞ்சு. ஆனால் எரிபொருளைக் குறைப்பது என்ற பாதி இங்கேயும் பொருந்தும். பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் பயோமைனிங் அதற்குத்தான். நம் வீட்டில் ஈரக்குப்பையைத் தனியாகக் கொடுத்தால் மீத்தேன் குறையும். பழைய செல்போன் பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், நசுங்கினால் அதுவே தீப்பொறி. தெருவில் யாராவது குப்பையைக் கொளுத்தினால் மாநகராட்சியின் 1913க்குச் சொல்லுங்கள். திறந்த வெளியில் குப்பையை எரித்தால் 5,000 ரூபாய், மொத்தமாக எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016இலேயே உத்தரவிட்டது. புகார் செய்யும்போது நேரம், இடம், காற்று போகும் திசை மூன்றையும் சொல்லி, படமும் எடுத்து வையுங்கள். பத்து வீட்டிலிருந்து வரும் பத்துக் குறிப்பு, ஒரு அளவு நிலையம் காட்டாததைக் காட்டும்.

புகை விலகியதும் ஜன்னல்களை நன்றாகத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் பெருக்கினால் படிந்த துகள் திரும்பக் கிளம்பும். ஈரத்துணியால் துடையுங்கள், ஃபேன் றெக்கையையும் சேர்த்து. அன்று ஆயாவின் தலையணைக்கு மேலிருந்த அலமாரியை வெள்ளைத் துணியால் துடைத்தேன். ஒரே இழுப்பில் துணி சாம்பல் நிறமாகி, பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. தலையணை உறையை மாற்றுங்கள், ஏசி வடிகட்டியைக் கழுவுங்கள்.

தொண்டைக் கரகரப்பும் லேசான இருமலும் பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் இருமல் நின்றபாடில்லை என்றால் ‘அந்தப் புகைதான்’ என்று விட்டுவிடாதீர்கள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசம். காலையில் எழுந்ததும் வரும் சளியையும் கேட்பார்கள், டப்பியை முந்தின நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.